நகரங்கள் எழுந்த கதை – 12: நிலத்தின் விலையைக் கட்டிப்போட்ட தீவு

போன அத்தியாயத்தில் பம்பாயில் நின்றோம். 1896இல் பிளேக் வந்தது. 1898இல் அரசு ஒரு மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தது. அந்த டிரஸ்ட் சேரிகளை இடித்த வேகத்துக்கு வீடுகளைக் கட்ட முடியாமல் திணறியது. அதே யோசனை, அதே திணறலோடு, கல்கத்தா வழியாகச் சிங்கப்பூருக்குக் கப்பலேறியது. கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாக இருந்த டபிள்யூ. ஜே. சிம்சன், சிங்கப்பூர்க் கடைவீடுகளின் நிலைமை பற்றி 1907இல் அறிக்கை கொடுத்தார். கல்கத்தா டிரஸ்டில் பொறியாளராக இருந்த இ. பி. ரிச்சர்ட்ஸ் 1920இல் அங்கே போய்ச் சேர்ந்தார். 1927இல் சிங்கப்பூர் மேம்பாட்டு டிரஸ்ட் பிறந்தது.

கடைவீடு என்றால் என்னவென்று தமிழ்நாட்டு வாசகருக்குச் சொல்ல வேண்டும். தெருவைப் பார்த்த முகப்பு குறுகல். உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி நீளம். கீழே கடை, மேலே குடித்தனம். மாடியைப் பலகைத் தட்டிகளால் அறை அறையாகத் தடுத்து, அறைக்கு ஒரு குடும்பம் என்று வாடகைக்கு விடுவார்கள். நடுவில் இருக்கும் அறைகளுக்கு ஜன்னல் கிடையாது. சில அறைகளில் ஒரே பலகையில் ஒருவர் பகலிலும் இன்னொருவர் இரவிலும் முறைவைத்துப் படுத்தார்கள். காசநோய் குடியிருக்க இதைவிடத் தோதான இடம் வேண்டாம். சிம்சன் சொன்ன வைத்தியம், வீடுகளுக்குப் பின்னால் சந்து வெட்டுவது. டிரஸ்டும் பல வருஷம் அந்தச் சந்துகளைத்தான் வெட்டிக்கொண்டிருந்தது. 1936இல் தியோங் பாருவில் முதல் அடுக்குமாடியைக் கட்டியது, அழகாகவே கட்டியது. ஆனால் 32 ஆண்டுகளில் அது கட்டியது மொத்தம் சுமார் 23,000 வீடுகள். 1947இல் 9.4 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1957இல் 14.5 லட்சம் ஆகிவிட்டது. சந்து வெட்டிச் சமாளிக்கிற காலம் முடிந்துபோயிருந்தது.

இடையில் நல்ல எண்ணத்தோடு ஒரு சட்டமும் வந்தது. யுத்தம் முடிந்து 1947இல் வாடகைக் கட்டுப்பாடு. குடியிருப்பவரை ஏறும் வாடகையிலிருந்து காப்பாற்றத்தான் கொண்டுவந்தார்கள். வாடகை ஏறாது என்றானதும் வீட்டுக்காரர் கூரையைப் பழுது பார்ப்பதை நிறுத்தினார். சென்னையில் மண்ணடிப் பக்கமும் பம்பாயில் கிர்காவ்ம் பக்கமும் பழைய கட்டடங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைவீட்டில் இடம் கிடைக்காதவர்கள் நகர எல்லைக்கு வெளியே கம்பங்களில், அதாவது குடிசைக் கிராமங்களில், குடியேறினார்கள். பலகைச் சுவர், மேலே அத்தாப்பு ஓலை. நிலம் யாரோ ஒரு தனவந்தருக்குச் சொந்தம். தரைவாடகை வாங்கிக்கொண்டு கண்டும் காணாமல் இருந்துவிடுவார். அரசின் ஏட்டில் அவர்கள் ‘அத்துமீறிக் குடியேறியவர்கள்’.

இந்தக் கூட்டத்துக்கு நடுவேதான் 1958இல் முதல் பெருந்திட்டம் சட்டமானது. பிரிட்டிஷ் நகரத் திட்டப் புலி சர் ஜார்ஜ் பெப்லர் ஆலோசகர். லண்டனுக்குப் போட்ட கணக்கையே இங்கேயும் போட்டார்கள்: நகரைச் சுற்றி ஒரு பசுமை வளையம், வெளியே புதுநகர்கள், எந்த மனையில் என்ன கட்டலாம் என்று நிறம் தீட்டிய வரைபடம். 1972இல் மக்கள்தொகை 20 லட்சம் இருக்கும் என்று ஊகித்தார்கள். அந்த ஊகத்தைப் பிற்காலத்தில் பலர் கேலி செய்திருக்கிறார்கள். அது நியாயமில்லை. 1970 கணக்கெடுப்பில் 20.7 லட்சம் வந்தது. ஊகம் அப்படி ஒன்றும் பிசகவில்லை. பிசகியது வேறு. அந்த வரைபடம், கட்டப்போவது தனியார், அரசின் வேலை அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் என்று எடுத்துக்கொண்டது. அத்தாப்புக் குடிசையில் இருந்தவருக்கு வீடு கட்டித் தர எந்தத் தனியாருக்கு ஆசை வரும்? கட்டுகிறவன் இல்லாத ஊரில் அனுமதி விதிகள் ஏட்டுச் சுரைக்காய்தான்.

1959இல் லீ குவான் இயூ தலைமையில் மக்கள் செயல் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1960 பிப்ரவரி 1ஆம் தேதி டிரஸ்டுக்கு மூடுவிழா. அதன் இடத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், சிங்கப்பூர்த் தமிழர் வாயில் ‘வீவக’. தலைவராக வந்த லிம் கிம் சான் ஒரு வியாபாரி. சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தார். அவர் கையாண்ட முறை எளிது: சின்னதாகக் கட்டு, ஒரே அச்சில் கட்டு, வேகமாகக் கட்டு. கட்டடக் கலைஞர்கள் முகம் சுளித்தார்கள். முதல் ஐந்தாண்டில் 54,000க்கு மேல் வீடுகள் எழும்பிவிட்டன. டிரஸ்ட் 32 ஆண்டுகளில் கட்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

அந்த ஐந்தாண்டுக்குள் ஒரு தீ விபத்து. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை, பிற்பகல். தியோங் பாரு பக்கத்துக் கம்பத்தில் பிடித்த தீ, காற்றில் சாலையைத் தாண்டி புக்கிட் ஹோ ஸ்வீக்குள் புகுந்தது. ஓலையும் பலகையும், தீயணைப்பு வண்டி நுழைய வழியில்லாத சந்துகள். நான்கு பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். பள்ளிக்கூடங்களில் தங்கவைத்தார்கள். ஒன்பது மாதத்தில் முதல் ஓரறை வீடுகள் தயாராயின. சில ஆண்டுகளில் அதே இடத்தில் சுமார் 12,000 வீடுகள் கொண்ட ஒரு பேட்டை எழுந்தது. அரசே தீ வைத்தது என்ற வதந்தி அன்றே கிளம்பியது. ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் வயதானவர்கள் வாயில் அந்தப் பேச்சு வெகுநாள் இருந்தது.

சிங்கப்பூர் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தத் தீயில்தான் கதையைத் தொடங்குவார்கள், புகைப்படங்கள் அப்படி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, தீக்குப் பிறகு சட்டத்தில் செருகிய ஒரு விதி. கம்பம் இருந்த நிலத்துக்குச் சந்தையில் மதிப்புக் கம்மி. குடியிருப்பவர்களைக் காலி செய்ய வைப்பது அவ்வளவு கஷ்டம். தீ எரித்துவிட்டால் அந்தக் கஷ்டம் ஒரே பிற்பகலில் தீர்ந்துவிடும்; காலி மனையாக நிலச் சொந்தக்காரருக்கு யோகம். அந்த யோகத்தைச் சட்டம் தடுத்தது. தீயில் எரிந்த இடத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம். காலி மனை மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. ஏன் மூன்றில் ஒரு பங்கு? குடிசைகள் இருந்தபோது அந்த நிலம் அவ்வளவுதான் பெறும் என்பது அரசின் வாதம்.

1966இல் வந்த நில ஆர்ஜிதச் சட்டம் இந்தத் தர்க்கத்தைத் தீவு முழுவதற்கும் விரித்தது. 1967 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. குடியிருப்புக்கோ தொழிலுக்கோ எந்தப் பொதுக்காரியத்துக்கும் எந்த நிலத்தையும் எடுக்கலாம். தேவையா இல்லையா என்பதில் அரசின் அறிவிப்பே முடிவு. விலை பற்றிய பிரிவுகள்தான் கெட்டிக்காரத்தனமானவை. அரசு பக்கத்தில் சாலை போட்டு, மின்சாரம் கொடுத்து, வடிகால் வெட்டியதால் முந்தைய ஏழு ஆண்டுகளில் ஏறிய மதிப்பு கணக்கில் வராது. நாளைக்கு இங்கே பத்து மாடி கட்டலாமே என்ற வருங்கால மதிப்பும் கிடையாது. நிலம் இன்றைக்கு எதற்குப் பயன்படுகிறதோ அதற்குண்டான விலைதான். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் மனை விலை ஏற்றமும் சேர்ந்து வந்தபோது இன்னொரு ஆணி அறைந்தார்கள்: 1973 நவம்பர் 30ஆம் தேதி விலை, அல்லது அறிவிப்பு நாள் விலை, எது குறைவோ அது. அந்த ஆணியை 1987 வரை யாரும் பிடுங்கவில்லை. பிறகும் தேதியை மட்டும் தள்ளித் தள்ளி வைத்தார்கள். முழுச் சந்தை விலை என்று ஆனது 2007இல்.

இதே யோசனை நம் நாட்டிலும் முளைத்தது, அதுவும் முன்னதாகவே. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்த மேற்கு வங்க அரசு 1948இல் ஒரு நிலச் சட்டம் போட்டது. எப்போது எடுத்தாலும் 1946 டிசம்பர் 31ஆம் தேதி விலைக்கு மேல் இல்லை என்றது. 1953இல் பேலா பானர்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாதென்று தள்ளியது. இழப்பீடு என்றால் நிலத்தின் உண்மை மதிப்புக்கு ஈடாக இருக்க வேண்டும் என்றது. சிங்கப்பூரில் அப்படி ஒரு வழக்குப் போட இடமே வைக்கவில்லை. 1965இல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது, மலேசிய அரசமைப்பில் இருந்த சொத்துரிமைப் பிரிவைத் தங்களுடையதில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அதைச் சேர்க்கும்படி அடுத்த ஆண்டே ஓர் ஆணையம் பரிந்துரைத்தும் கேட்கவில்லை. சிங்கப்பூரைப் பார், சிங்கப்பூரைப் பார் என்று நம் ஊர் மேடைகளில் பேசுகிறவர்கள் வானளாவிய கட்டடத்தைக் காட்டுவார்களே தவிர, இந்த விடுபட்ட பிரிவைக் காட்டியதில்லை.

விளைவு கணக்கில் தெரியும். 1959 முதல் 1984 வரை அரசு எடுத்த நிலம் சுமார் 177 சதுர கிலோமீட்டர். தீவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பாகம். 1960இல் 44 சதவீத நிலம் அரசிடம் இருந்தது. 1985இல் 76 சதவீதம். இழந்தவர்களில் பெரிய சீன தனவந்தர்கள் உண்டு, மலாய் வக்ஃபு நிலங்கள் உண்டு, நம்மவர்களும் உண்டு. மார்க்கெட் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில் வரிசையாகப் பெட்டியடிகள். தரையில் பாய் விரித்து, சாய்வுமேசை முன்னால் உட்கார்ந்து லேவாதேவிக் கணக்கு எழுதிய இடம். நிதி மையத்துக்கு இடம் வேண்டுமென்று 1970களின் பிற்பகுதியில் அவையும் போயின. இன்று அங்கே வங்கிகளின் கோபுரங்கள்.

திட்டம் இல்லாமல் நிலத்தை மட்டும் குவித்தார்களா என்றால், இல்லை. 1963இல் ஐ.நா. மூன்று பேரை அனுப்பியது: சார்லஸ் ஆப்ரம்ஸ், சுசுமு கோபே, ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். மூன்றாமவர் நமக்கு அறிமுகமானவர்தான். ஹிட்லருக்குத் தப்பி வந்த ஜெர்மன் யூதர்; மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தவர்; புவனேஸ்வரத்துக்குத் திட்டம் வரைந்தவர்; நேருவின் அரசில் வீட்டுவசதித் துறையை நடத்தியவர். அகதிகளுக்கு அச்சில் வார்த்த வீடுகளைத் தயாரிக்க டில்லியில் போட்ட ஆலை தோற்றதும் 1951இல் இந்தியாவை விட்டுப் போனார். அந்த அடி அவருக்கு நல்ல பாடமாக இருந்திருக்க வேண்டும். நிறம் தீட்டிய வரைபடத்தை நம்பாதீர்கள் என்றுதான் மூவரும் சிங்கப்பூருக்குச் சொன்னார்கள். எந்தத் திசையில் வளர்வது என்பதை மட்டும் தீர்மானித்துக்கொண்டு, விவரங்களைப் போகப் போக மாற்றிக்கொள்ளுங்கள். நடுவில் நீர்ப்பிடிப்புக் காடு, சுற்றிலும் மோதிரம் போல் நகர்கள், அவற்றை இணைக்கும் போக்குவரத்து.

அந்த மோதிரம் 1971இல் கருத்துருத் திட்டமாக வந்தது. மேற்கே ஜூரோங் தொழிற்பேட்டை ஏற்கெனவே எழுந்துகொண்டிருந்தது. 40 லட்சம் பேர் வாழும் நாளுக்காக விரைவுச் சாலைகள், கிழக்குக் கோடியில் சாங்கியில் விமான நிலையம், தெற்குக் கரையோரம் ரயில் தடம் எல்லாம் கோடு போட்டு ஒதுக்கினார்கள். அப்போதைய விமான நிலையமான பாய லேபாரிலேயே இரண்டாவது ஓடுபாதை போட்டுக்கொள்ளலாம் என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். 1975இல் சாங்கிதான் என்று முடிவானது. 1981 ஜூலை 1 அன்று திறந்தார்கள். ரயில் கதை இன்னும் இழுத்தது. பத்தாண்டு விவாதம். ஹார்வர்டிலிருந்து வந்த நிபுணர்கள் பேருந்தே போதும் என்றார்கள்; அமைச்சர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. 1982இல் முடிவு செய்து, 1987 நவம்பர் 7 அன்று முதல் வண்டியை ஓட்டினார்கள். கட்டலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்த இத்தனை காலமும் தடம் போக வேண்டிய இடங்களை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். சென்னையில் பறக்கும் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒதுக்கிய தடத்தில் எல்லாம் வெற்றிடம் இருந்துவிடவில்லை. ஆர்ச்சர்ட் சாலை முனையில், தோபி காட் பக்கத்தில், தமிழர்கள் கும்பிட்டு வந்த பழைய சிவன் கோயில் இருந்தது. நிலத்தடி நிலையம் வர வேண்டிய இடம் அது. 1983இல் சிவன் சிராங்கூன் சாலைக்கு இடம் மாறினார், சீனிவாசப் பெருமாள் கோயிலை ஒட்டித் தற்காலிகமாக. பத்து ஆண்டு பெருமாளின் பக்கத்து வீட்டுக்காரராக இருந்துவிட்டு, 1993இல் கேலாங் கிழக்கில் புதுக் கோயிலில் குடியேறினார். ஊர்ப்பக்கம் இப்படி ஒரு கோயிலை நகர்த்த முயன்றால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

மனிதர்கள் அவ்வளவு சுலபமாக நகரவில்லை. தோ பாயோவில் காய்கறித் தோட்டமும் பன்றிப் பண்ணையும் வைத்திருந்தவர்கள் 1960களின் தொடக்கத்தில் அளக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் கிராமவாசிகள் சங்கங்கள் நின்றன. சங்கங்களுக்குப் பின்னால் இடதுசாரிகள். 1963 பிப்ரவரியில் ‘கோல்ட்ஸ்டோர்’ நடவடிக்கையில் இடதுசாரித் தலைவர்களை விசாரணையின்றி உள்ளே வைத்தார்கள். அதே ஆண்டு அந்தச் சங்கங்களும் கலைக்கப்பட்டன. அதன்பின்தான் தோ பாயோவில் அடுக்குமாடிகள் எழுந்தன. திட்டமிடலின் வெற்றிக் கதையில் இந்தப் பக்கத்தை யாரும் உரக்கப் படிப்பதில்லை. இதையும் சேர்த்துப் படிக்காமல் கணக்கு நேராகாது. குடியேறியவர்களும் பழைய வாழ்க்கையை வாசலில் விட்டுவிட்டு வரவில்லை. சிலர் பன்றிகளை மாடிப்படியில் நைச்சியமாக ஏற்றிக்கொண்டு போனதை லீ தம் நினைவுக் குறிப்பில் சொல்கிறார்.

இத்தனைக்கும் காசு? 1964இல் வீவக வீடுகளைச் சொந்தமாக விற்கத் தொடங்கியது. குவீன்ஸ்டவுனில் ஈரறை வீடு 4,900 வெள்ளி (டாலர்), மூவறை 6,200. விலை மலிவுதான், ஆனாலும் முன்பணம் கட்டக் கையில் இல்லாததால் மக்கள் தயங்கினார்கள். 1968இல் மத்திய சேமநிதியை வீட்டுக்காக எடுக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தியதும் வரிசை நின்றது. தொழிலாளியும் முதலாளியும் மாதாமாதம் கட்டும் சேமநிதி, அரசுப் பத்திரங்களுக்குப் போகும். அரசு அதிலிருந்து வீவகவுக்குக் கடன் கொடுக்கும். வீவக வீடு கட்டும். அந்த வீட்டைத் தொழிலாளி தன் சேமநிதியாலேயே வாங்குவார். சேமநிதிப் பிடித்தம் 1984இல் இரு தரப்பும் சேர்ந்து சம்பளத்தில் 50 சதவீதம் வரை போனது. பணம் தீவை விட்டு வெளியே போகாமல் சுற்றிச் சுற்றி வந்தது. மலிவாக எடுத்த நிலம் அடியில் இருந்ததால்தான் அந்தச் சுற்று தாங்கியது. 1960இல் அரசு கட்டிய வீட்டில் பத்தில் ஒருவர்கூட இல்லை. 1980களின் இறுதியில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் அரசு கட்டிய வீட்டில் இருந்தார்கள்.

வீட்டுக்காரராக அரசே ஆகிவிட்டால் அடுத்த வீட்டில் யார் இருப்பது என்பதையும் அதுவே தீர்மானிக்கும். 1989 மார்ச்சில் இன விகிதாசாரம் வந்தது. ஒரு வட்டாரத்தில் சீனர் 84 சதவீதம், மலாய்க்காரர் 22, இந்தியரும் பிறரும் 10. ஒரு புளோக்கில் 87, 25, 13. இவற்றுக்கு மேல் போகக் கூடாது என்பது அன்று வைத்த வரம்பு. 1964இன் இனக்கலவரங்களை நேரில் பார்த்த தலைமுறை போட்ட விதி. அதன் பயத்தைப் புரிந்துகொள்ளலாம். சுமை சமமாக விழவில்லை. உங்கள் புளோக்கில் சீனர் உச்சவரம்பு நிரம்பியிருந்தால், சீனரல்லாத நீங்கள் விற்கும்போது சீனருக்கு விற்க முடியாது. வாங்குகிறவர் குறைவு என்றால் விலையும் குறைவு. தமிழ்க் குடும்பங்கள் வீடு விற்கும்போது இன்றைக்கும் இதைத்தான் சொல்லி அலுத்துக்கொள்கின்றன.

கடைசியாக, வாங்கியவர்களில் பலர் வெகுகாலம் கவனிக்காத ஒரு வரி பத்திரத்தில் உண்டு. வீவக வீடு கிரயம் அல்ல. 99 ஆண்டுக் குத்தகை. முதல் வீடுகளின் குத்தகை 2060களில் முடிகிறது. பழைய பேட்டைகளை இடித்துப் புது வீடு தருவது எல்லாருக்கும் கிடைக்காது, குத்தகை முடிந்தால் வீடு அரசுக்கே திரும்பும் என்று 2017இல் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த லாரன்ஸ் வோங் வெளிப்படையாகச் சொன்னபோது பழைய வீடு வைத்திருந்தவர்கள் பதறிப்போனார்கள். கேலாங்கில் மூன்றாவது லோரோங்கில் (சந்தில்) 191 தரைவீடுகள், தனியார் வீடுகள், 60 ஆண்டுக் குத்தகையில் இருந்தவை. 2020 டிசம்பர் 31 அன்று குத்தகை முடிந்தது. இழப்பீடு எதுவுமின்றி நிலம் அரசிடம் திரும்பிச் சென்றது. அங்கே வரப்போவதும் அரசுக் குடியிருப்புகள்தான்.

(அடுத்த இதழில்: கோனிக்ஸ்பெர்கர் வரைந்த புவனேஸ்வரம்)